ஹலோ மாமா வைஃபையைக் கீழே இறக்கிய கதை

வவுனியா நெளுக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற எவருக்கும் இரகசியம் என்று ஒன்று கிடையாது. யார் வீட்டில் இன்றைக்கு என்ன கறி, யாருடைய பிள்ளை கணக்கில் கோட்டை விட்டது, யாருடைய மாடு யாருடைய வேலியைத் தின்றது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் ஊர்வம்பு பேசுகிற ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் பாவங்கள். எங்களுக்குக் காது இருக்கிறது, எங்கள் தலைக்கு மேலே ஹலோ மாமா இருக்கிறார், அவ்வளவுதான்.

கோயில் திருவிழா, கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவது அவருடைய தொழில். மைக்கைக் கையில் எடுத்தால் முதலில் "ஹலோ... ஹலோ..." என்பார். மைக் இல்லாவிட்டாலும் என்பார். அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது. பில் கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று "ஹலோ மாமா" என்றுதான் கூப்பிடுவார்.

வீடு அவருடையது. லண்டனில் இருக்கிற மகன் காசு அனுப்பி மேல்மாடி எழுப்பினான். ஊரில் மாடி கட்டுகிறவர்கள் கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடுவார்கள். இவர் பூசி முடித்த கீழ்வீட்டை எங்களுக்குத் தந்துவிட்டு, சுவர்கூடப் பூசாத மேல்வீட்டுக்கு ஏறிவிட்டார். அம்மா காரணம் கேட்டதற்கு, "தங்கச்சி, ஸ்பீக்கரை ஆராவது நிலத்திலை வைப்பினமோ?" என்றார். மாமி, "என்ரை காது கொஞ்சநாள் ஆறட்டும்" என்று மகனிடம் லண்டனுக்குப் போனவ. காது இன்னும் ஆறவில்லைப் போல, திரும்பி வரவேயில்லை.

மாமா வீட்டிலும் மைக்கில்தான் பேசுவார். மொட்டைமாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர் நிரந்தரமாகக் கட்டியிருக்கும். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனால் வானத்திலிருந்து குரல் வரும்.

"ஹலோ... ஹலோ... கீழ்வீட்டு அன்புச் சகோதரியின் மேலான கவனத்திற்கு. தங்கள் குசினியில் பால் பொங்கிக்கொண்டிருக்கின்றது. மீண்டும் அறியத்தருகின்றோம். பால் பொங்கிக்கொண்டிருக்கின்றது."

அம்மா ஓடிவந்து பாலை இறக்குவதற்குள் எதிர்வீட்டில் இருந்தும் பின்வீட்டில் இருந்தும், "என்ன, இண்டைக்கும் விட்டிட்டியோ?" என்று கேட்டுவிடுவார்கள்.

"அண்ணை, படியிலை நிண்டு ஒரு சத்தம் போட்டால் காணாதோ?" என்று அம்மா சண்டைக்குப் போவா.

"படியிலை நிண்டு கத்துறது நாகரிகமில்லைத் தங்கச்சி" என்பார் அவர்.

என்னுடைய அக்கா சுதாவைப் பெண் பார்க்க ஒருமுறை கனகராயன்குளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அம்மா யாருக்கும் சொல்லவில்லை. சரிவந்தால் பிறகு சொல்லலாம் என்று இருந்தா. வான் ஒழுங்கைக்குள் திரும்பினதுதான் தாமதம்.

"ஹலோ... ஹலோ... பெண் பார்க்கும் வைபவத்திற்காக வருகை தந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரை வருக வருக என வரவேற்கின்றோம். ஒழுங்கையில் சைக்கிளைக் குறுக்கே விட்டவர் உடனடியாக அகற்றி, மாப்பிள்ளை வருவதற்கு ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

பின்னால் நாதஸ்வரப் பாட்டு வேறு போட்டுவிட்டார். ஒழுங்கை முழுக்க வேலிக்கு வெளியே வந்து நின்றது. மாப்பிள்ளை வானை விட்டு இறங்கவேயில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. அம்மா அழுதா. அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அந்தப் பொடியனைப் படத்திலேயே பிடிக்கவில்லையாம். அன்றைக்கு மாமாவுக்கு இரண்டு வாழைப்பழம் கூடக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இப்படிப்பட்ட மனிதரோடு வாயைக் கொடுத்துத் தப்பக்கூடிய ஒரே ஆள் என்னுடைய அப்பா. அப்பா லாண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெசின் ஓடுகிறவர். பின்னேரம் வேலை முடிந்து வந்து கால் கழுவிவிட்டுப் படியில் இருப்பார். மாமாவும் மேலிருந்து இறங்கிவந்து அடுத்த படியில் இருப்பார்.

"அண்ணை, உங்கடை வாய்க்கு ஒரு சுவிட்ச் பூட்டேலாதோ?"

"பூட்டினான் தம்பி. ஓன் மட்டும்தான் வேலை செய்யுது."

இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். ஒவ்வொரு பின்னேரமும் இதே கதை, இதே சிரிப்பு. எனக்கு எரிச்சல் வரும். இப்போது அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்பதற்கு நான் எதையும் கொடுப்பேன்.

அப்பா இந்த வருசம் செத்துப்போனார். நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பிக் கொண்டுவந்தோம். இதை நான் லேசாக எழுதிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், எனக்கு இதைப் பெரிதாக எழுதத் தெரியாது.

எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போவார்கள். அந்த அறிவித்தலை மாமா எத்தனையோ பேருக்குச் செய்திருப்பார், தண்ணீர்பட்ட பாடு. அப்பாவுக்கும் தானேதான் செய்வேன் என்று ஓட்டோவில் ஏறினார். சந்தி வரைக்கும் நன்றாகத்தான் போனது. "அன்னாரின் பூதவுடல் அன்னாரின் இல்லத்தில் அஞ்சலிக்காக..." என்று கணீர் என்று கேட்டது. எங்கள் ஒழுங்கை வாசலுக்குத் திரும்பி வந்ததும் நின்றுவிட்டது. "அன்னார்... அன்னார்..." என்றார். பிறகு கொஞ்சநேரம் கரகரவென்று காற்றுச் சத்தம் மட்டும். பிறகு, "நல்ல பொடியன். எல்லாரும் வாங்கோ" என்றுவிட்டு மைக்கை அமர்த்திவிட்டார்.

அக்கா வரவில்லை. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பாஸ்போர்ட், அவள் மடம் என்று கூப்பிடுகிற வீட்டு எசமானியின் கையில், போனும் மடத்தின் கையில். மடம் மனமிரங்கிச் செத்தவீட்டு நேரம் அரைமணித்தியாலம் போனைக் கொடுத்தா. நான் என்னுடைய போனில் வீடியோ கோல் எடுத்தேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சும்மாவே மூக்கால் அழும். மேலே கிடக்கிற கொங்கிறீட்டால் அன்றைக்கு அந்த அழுகையும் நின்றுவிட்டது. ஐயர் கையைத் தூக்கினபடியே சிலையாகிப் போனார். அப்பாவின் முகத்துக்கு நேரே நான் போனைப் பிடித்தபோது ஒரு வட்டம் மட்டும் சுற்றிச் சுற்றி நின்றது. அக்கா கடைசியாகப் பார்த்தது ஐயரின் முழங்கையைத்தான்.

இரண்டு நாள் கழித்து, மடம் கொஞ்சநேரம் போனைக் கொடுத்தபோது, அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தாள். நான் படியில் இருந்து போட்டுக் கேட்டேன். "பரவாயில்லையடி வினோ. நீ அழாதை. முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு மடத்தட்டைக் கேட்டுப் போன் வாங்கிறன். அப்பாவின்ரை படத்தையும் படையலையும் எண்டாலும் வடிவாக் காட்டு. எனக்கு இனி வேறை ஒண்டும் இல்லைத்தானே பாக்க."

மேல்படியில் ஹலோ மாமா நின்றிருந்தார். அவர் இறங்கிவந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"பிள்ளை, மேலை எனக்கு ஃபைபர் லைன் கிடக்கு. மகன் போட்டுத் தந்தது. சிக்னல் பாஞ்சு பாஞ்சு வரும்."

"மேலைதானே மாமா வரும். கீழை ஒரு துளியும் வராதே."

"முப்பத்தொண்டை மேலை வந்து செய்யுங்கோவன்."

அம்மா உள்ளேயிருந்து சொன்னா, "விளக்கு அவர் கிடந்த இடத்திலை எரியுது அண்ணை. முப்பத்தொண்டு முடியுமட்டும் அதைத் தூக்கேலாது."

மாமா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அப்ப வைஃபையைத்தான் கீழை இறக்கோணும்" என்றார், ஏதோ தேங்காய் பிடுங்கி இறக்குவதுபோல.

அடுத்தநாள் என்னை மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வவுனியா பஜாருக்குப் போனார். கொம்பியூட்டர் கடையில் ஒரு தங்கச்சி நின்றாள். நல்ல பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமை அவளுக்கு முழுதாகத் தேவைப்பட்டது.

"ஹலோ, மேலையிருந்து கீழை வைஃபை இறக்கிற சாமான் ஒண்டு தாங்கோ பிள்ளை."

அவள் நாலைந்து ரவுட்டர்களை எடுத்து மேசையில் வைத்தாள். மாமா ஒவ்வொன்றையும் தூக்கிப் பாரம் பார்த்தார். தட்டிப் பார்த்தார். காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

"இது எத்தினை வோட்ஸ்?"

"ஐயா, இதுக்கு வோட்ஸ் பாக்கிறேல்லை. இதிலை ரெண்டு பாண்ட் இருக்கு. ஒண்டு சுவர் தாண்டித் தூரம் போகும், ஆனா வேகம் குறைவு. மற்றது நல்ல வேகம், ஆனா கொங்கிறீட்டைத் தாண்டாது."

மாமாவின் முகம் சட்டென்று பிரகாசமானது. "பேஸும் டிறபிளும்! விளங்கீட்டுது. தூரத்துக் கோயிலிலை திருவிழா நடந்தால் எங்களுக்கு என்ன கேக்கும்? டும் டும் எண்டு பேஸ் மட்டும்தானே? பாட்டு வராதெல்லோ?"

அந்தத் தங்கச்சி சிரித்துவிட்டாள். "அப்பிடித்தான் ஐயா, சரியாச் சொன்னியள்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சரியாகச் சொன்னீர்கள் என்று அவரிடம் யாரும் சொல்லக்கூடாது. பிறகு பிடிக்க முடியாது.

"சரி, இதுக்கு வாய் எங்கை?"

"வாயோ?"

"எந்தப் பக்கத்தாலை சிக்னல் வெளியிலை வரும்? வாயைக் கீழை பாத்துத் திருப்போணுமெல்லோ."

"வாய் இல்லை ஐயா. நாலு பக்கமும் சுத்திப் போகும்."

"நாலு பக்கமும் போனால் அரைவாசிக்கு மேலை ஆகாயத்துக்கெல்லோ போகும்? ஆகாயத்திலை ஆர் இருக்கினம் வீடியோ பாக்க?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு நல்ல புத்தி சொன்னாள். "ஐயா, கொங்கிறீட் எண்டால் லேசான வழி ஒண்டு இருக்கு. மேலையிருந்து ஒரு நீட்டு வயரைக் கீழ்வீட்டுக்குள்ளை இழுத்து, அங்கை ஒரு ரவுட்டரை வையுங்கோ. ஒரு பிரச்சினையும் வராது."

மாமா நிமிர்ந்து நின்றார். "பிள்ளை, நான் இந்த வயசுமட்டும் வயர் சுத்தின ஆள். வயர் தடக்கி விழுந்து பல்லுடைச்ச ஆள். வயர் இல்லையெண்டுதானே இதுக்கு வயர்லெஸ் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள்? பேந்தும் வயர் இழு எண்டால் என்ன ஞாயம்?"

நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அவா சொல்லுறதைக் கேளுங்கோவன்."

"நீ சும்மா இரு. கூடக் கொம்பு உள்ளதை எடுப்பம். கொம்பு கூடினால் பவர் கூட."

அப்படியே, எட்டுக் காலும் மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடக்கிற சிலந்தி மாதிரி ஒன்றை வாங்கினோம். அந்தத் தங்கச்சி கடைசியாக ஒரு கட்டை வயரைப் பைக்குள் போட்டாள். "இதுவும் கிடக்கட்டும் ஐயா" என்றாள். என்னைப் பார்த்த பார்வையில், கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்பதுபோல ஒன்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா ரவுட்டருக்கு வாய் செய்யத் தொடங்கினார். பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, உள்ளே ரவுட்டரை வைத்துக் கட்டி, குழாயின் வாயை எங்கள் யன்னலைப் பார்த்தபடி மாடிச் சுவரில் தொங்கவிட்டார். "இப்ப பார், அருவி மாதிரிக் கொட்டும்" என்றார்.

எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டும் கொட்டவில்லை. ஆனால் வெளியே ஒழுங்கையில், மதகடியில் நின்ற பொடியள் திடீரென்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். குழாய் கொஞ்சம் வெளிப்பக்கம் சரிந்திருக்கவேணும். "மாமா, உங்கடை பேரிலை ஃபுல் சிக்னல் காட்டுது! பாஸ்வேர்ட் என்ன?" என்று ஒருவன் கத்தினான்.

"அது இரகசியமடா! கீழ்வீட்டுக்கு மட்டும்தான்!" என்றார் மாமா.

சொல்லிவிட்டு உள்ளே போனார். கீழ்வீட்டுக்குச் சொல்லவேணுமே. எப்படிச் சொல்வார்?

"ஹலோ... ஹலோ... கீழ்வீட்டினரின் கவனத்திற்கு மட்டும். வைஃபைக்கான இரகசியச் சொல் எமது பழைய மோட்டார்சைக்கிளின் இலக்கமாகும். மீண்டும் அறியத்தருகின்றோம்..."

இலக்கத்தை மூன்றுதரம் சொன்னார், ஒவ்வொரு எழுத்தாக, விளங்காதவர்களுக்கு விளங்கட்டும் என்று. அம்மா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டா. அப்பா செத்ததற்குப் பிறகு அம்மா அழாமல் தலையில் அடித்தது அன்றைக்குத்தான்.

"மாமா, ஒழுங்கை முழுக்க ஏறீட்டுது! உடனை மாத்துங்கோ!" என்று படியால் ஓடினேன்.

அவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. உடனே மாற்றினார். மாற்றினதை எங்களுக்கு அறிவிக்கவேணுமே. மைக்கில் அறிவித்தார்.

 "சனம் பாவம் பிள்ளை, பாத்திட்டுப் போகட்டும். வைஃபை தேயுமோ?" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

குழாயைக் கழற்றி ரவுட்டரைத் தண்ணித் தாங்கியடியில் வைத்துப் பார்த்தோம், யன்னலில் வைத்துப் பார்த்தோம், வாளியில் போட்டுக் கயிற்றில் இறக்கியும் பார்த்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன், "மாமா, இந்தக் கொங்கிறீட்டிலை ஓட்டை எண்டு இருக்கிறது படி மட்டும்தானே. படி திரும்பிற இடத்திலை வைச்சுப் பாப்பமே?"

படி திரும்பும் இடத்தில் அவருடைய ஸ்பீக்கர் பொக்ஸுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அந்தக் கட்டை வயரை மேல்வீட்டு ஃபைபர் பெட்டியிலிருந்து இழுத்தால் பொக்ஸ் அடுக்கின் உச்சிக்குச் சரியாக எட்டியது. வயர் தொடமாட்டேன் என்ற மனிதர், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வயரைக் குத்தினார். கீழே விளக்கடியில் என்னுடைய போனில் சிக்னல் நிறைந்து வந்தது. நான் சந்தோசத்தில் கத்தினேன். கத்தின பிறகுதான், அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று கத்துகிறேன் என்று நினைவு வந்தது. பரவாயில்லை, அவரும் சிரித்திருப்பார்.

முப்பத்தொன்று வந்தது. விடியவே அம்மாவும் அயலட்டைப் பெண்களும் சமையலில் நின்றார்கள். அதே நாளில் கனகராயன்குளத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு மாமா ஸ்பீக்கர் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். தன்னுடைய ஸ்பீக்கர் செட்டை இன்னொருவன் கையில் தனியாக அனுப்பிய வரலாறு அவருக்கு இல்லை. மாமி லண்டனுக்குப் போன நாளில்கூடத் திருவிழாவில்தான் நின்றார். அன்றைக்கு மட்டும், "நீங்கள் போங்கோடா, எல்லாத்தையும் ஏத்துங்கோ. நான் இண்டைக்கு வரேல்லை" என்று வேலைக்காரப் பொடியளை அனுப்பிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கீழே வந்தார்.

எல்லாவற்றையும் ஏற்றுங்கள் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் ஏற்றினார்கள்.

படையல் வைத்து, ஐயர் தொடங்குகிற நேரம் அக்காவின் கோல் வந்தது. போனைத் தூக்கினேன். வட்டம் சுற்றியது. அதே வட்டம். 

"மாமா! வரேல்லை!"

இரண்டு பேரும் படிக்கு ஓடினோம். படி திரும்பும் இடம் வெறுமையாக, கூட்டித் துடைத்ததுபோலக் கிடந்தது. பொக்ஸுகள் கனகராயன்குளத்துக்குப் போய்விட்டன. ரவுட்டர் வயரில் தொங்கி, மேல்வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வௌவால் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

கதிரையைக் கொண்டுவந்து வைத்தேன். வயர் கதிரைக்கு எட்டவில்லை. கதிரைமேல் முக்காலியை வைத்தேன். அதற்கும் எட்டவில்லை. கீழே போனிலிருந்து, "வினோ... வினோ... கேக்குதோ..." என்று அக்காவின் குரல் வெட்டி வெட்டி வந்தது.

மாமா முக்காலியை எடுத்துவிட்டுக் கதிரையில் ஏறினார். ரவுட்டரைப் பிடித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். பழைய பொக்ஸ் உச்சி இருந்த அதே உயரம்.

"போய்ப் பார்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்காவின் நெற்றி தெரிந்தது. பிறகு ஒரு கண். பிறகு நின்றுவிட்டது.

"மாமா, வருது, ஆனா விக்கி விக்கி வருது!"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மத்தியானம், ஒழுங்கை முழுக்க அவருடைய வைஃபையில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அறிவிக்கலாம் என்றால் மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, மாடியில் கட்டியிருந்த குழாயைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கையையும் எடுக்க முடியாது. மாமா அப்படியே முகத்தைப் படி யன்னல் பக்கம் திருப்பினார்.

"டேய்! ஒழுங்கையிலை இருக்கிற எல்லாரும் கேளுங்கோ! குவைத்திலை இருக்கிற எங்கடை சுதாப் பிள்ளை தகப்பன்ரை படையலைப் பாக்கோணும்! அவளுக்கு இந்த ஒரு அரைமணித்தியாலம்தான் கிடக்கு! எல்லாரும் என்ரை வைஃபையை விட்டு இறங்குங்கோடா! சீரியல் பாக்கிற மாமிமார், உங்களையும்தான்!"

இந்த மனிதருக்கு இவ்வளவு காலமும் மைக் எதற்கு என்று எனக்கு விளங்கவேயில்லை. யன்னல் கம்பி அதிர்ந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

 முதலில் மதகடியிலிருந்து ஒரு குரல். "நிப்பாட்டியாச்சு மாமா!" எதிர்வீட்டிலிருந்து, "நாங்களும் விட்டிட்டம்!" பின்வேலிக்கு அப்பால், "ரெண்டு போனும் ஓஃப்!" ஒரு மாமி மட்டும் அழாக்குறையாக, "எனக்கு எதை அமத்திறதெண்டு தெரியேல்லையே!" என்றா. "போனையே அமத்துங்கோ மாமி!" என்று நாலு வீட்டிலிருந்து கத்தினார்கள்.

அக்கா வந்தாள். வெட்டு இல்லை, வட்டம் இல்லை. தலையைத் துணியால் மூடிக்கொண்டு, யாருடைய குசினியிலோ சாய்ந்து நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். நான் போனை அப்பாவின் படத்துக்கு நேரே பிடித்தேன்.  விளக்கைக் காட்டச் சொன்னாள். பிறகு மறுபடி படத்தை. பிறகு படையலை ஒவ்வொன்றாக.

"கத்தரிக்காய் பொரிச்சனீங்களோ? அது இல்லாட்டி அப்பா கையே வைக்கமாட்டார்."

"பொரிச்சது மோளை, நிறையப் பொரிச்சது" என்றா அம்மா. அம்மாவும் அவளும் அழுதார்கள். நானும்தான். சத்தம் வெளியே வராமல் அழவேண்டிய இடத்தில் அவள் நின்றாள், அதனால் நாங்களும் சத்தம் போடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் படிப்பக்கத்திலிருந்து, "பிள்ளை, லெவல் எப்பிடி? பேஸ் வருதோ?" என்று கேட்டது.

அக்கா கண்ணீரோடு அப்படியே சிரித்துவிட்டாள். "உது ஹலோ மாமாவோ? எங்கை நிக்கிறார்?"

நான் படியடிக்குப் போய்ப் போனைத் திருப்பிக் காட்டினேன். கதிரைக்கு மேலே, வெள்ளை வேட்டியோடு, எட்டுக் கொம்பு ரவுட்டரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, வியர்வை ஒழுக ஒழுக நின்றார்.

"மாமா, கை நோகுமே!" என்றாள் அக்கா.

"என்னைப் பாத்து நேரத்தை வீணாக்காதை பிள்ளை" என்று அதட்டினார். "கொப்பரைப் பார். உன்ரை அப்பாவைப் பார்."

அவள் பார்த்தாள். மடம் கூப்பிடும்வரைக்கும் பார்த்தாள். "அப்பா, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் சரியாக நினைவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை வந்தது, அதனால் திரும்பவும் கழுவினேன். ஐயரை அனுப்பினோம். ஒழுங்கைச் சனம் சாப்பிட வந்தது. இலை போட்டு எல்லாரும் இருந்த பிறகுதான் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை எங்கையடி?" என்றா.

நான் படிக்கு ஓடினேன். அவர் இன்னும் கதிரைமேல்தான் நின்றார். கண்ணை மூடியிருந்தார். ரவுட்டர் இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது.

"ஐயோ மாமா! அவள் அப்பவே வைச்சிட்டாள். ஆரும் சொல்லேல்லையோ?"

"வைச்சிட்டாளோ?" என்றார். கையை இறக்கவில்லை. "வடிவாப் பாத்தவளோ?"

"ஓம் மாமா. எல்லாம் பாத்தவள்."

"தகப்பன்ரை முகம்?"

"முகமும் வடிவாப் பாத்தவள் மாமா."

அதற்குப் பிறகுதான் இறக்கினார். இறக்கின கை மடங்கவில்லை, விரல் விறைத்துப்போய்விட்டது. இலைக்கு முன்னால் இருத்தினோம். சோற்றைப் பிசையப் பார்த்தார், முடியவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து, சோற்றைக் குழைத்து, கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்து, ஒவ்வொரு பிடியாக அவருடைய வாயில் தீத்தினேன். உறைப்புக் கூட என்றார், உப்புக் காணாது என்றார், பருப்பு இன்னும் கொஞ்சம் அவிந்திருக்கலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தீத்திக்கொண்டே இருந்தேன்.